கொடிக்காலுக்குள் வந்த கறுப்புக் கத்தி

என் மகள் நடக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஒரு பயம் இருந்தது. அவள் காலை எதுவும் வெட்டிவிடக் கூடாது. காய்ச்சல், நாய், கிணறு, ரோட்டில் வரும் பஸ் என்று மற்ற தாய்மார் பயப்படுகிற எல்லாவற்றுக்கும் நானும் பயந்தேன். அவையெல்லாம் வந்து போயின. கால் பயம் மட்டும் போகவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. நான் கல்யாணமாகி வந்தது பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்துக்கு. கொடிக்காலுக்குள் யாரும் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள். கோயிலுக்குள் போவதைப் போல, வேலிப் படலுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். மாதத்தில் அந்த நாட்களில் பெண்கள் படலைத் தாண்டவே கூடாது. தாண்டினால் கொடி வாடிவிடும் என்பார்கள். நான் சேலம் டவுனில் மாடி வீட்டில் வளர்ந்து, வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். கொடி எதனால் வாடும் என்று பாடமாகவே எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. வந்த இடத்து வழக்கம் என்று செருப்பைக் கழற்றினேன். அந்த நாட்களில் வெளியே நின்றேன்.

வெறுங்காலோடு நடக்கும் அதே இடத்தில்தான் நாள் முழுக்க வெட்டும் வேலை. வெற்றிலைக் கொடி அகத்தி மரத்தில் ஏறி வளரும். நிழல் அதிகமானால் அகத்திக் கிளையைக் கழிக்க வேண்டும். கொடியை நாரால் கட்ட வேண்டும். வளர்ந்ததும் அந்தக் கட்டை அறுத்து மேலே தூக்கிக் கட்ட வேண்டும். ஓரத்தில் வாழை, அதற்கு இலை அறுப்பு, கன்று வெட்டு. வெற்றிலை பறிக்கக்கூடப் பெருவிரலில் இரும்பு நகம் மாட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கத்தியோ அரிவாளோ, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நேராகப் போகாது. போனால் இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிடும். கேட்டால் கீழே வைப்பார்கள். கேட்டவர் குனிந்து எடுத்துக்கொள்வார். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அங்கே கீழே என்றால் சமையல் மேடை. இங்கே அது ஈர மண், என் மகள் வெறுங்காலோடு ஓடுகிற வரப்பு.

இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்து யோசித்தது வீட்டில் நான் மட்டும்தான். சேர்த்துச் சொன்னபோது மாமியார் சிரித்தார்.

“நாங்கெல்லாம் காலு இல்லாமயா சாமி இத்தன வருசம் வெள்ளாமை பண்ணுனோம்?”

மாமியார் கெட்டவர் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு என் தலையை அவர்தான் துவட்டிவிட்டார். ஊரே சிரிக்கும்படி பேசுவார். அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. வீட்டுக்குள் போய், பாத்திரம் கழுவும்போது, சொல்லியிருக்க வேண்டிய பதில் வரும்.

மாமனார் போன பிறகு கொடிக்காலை மாமியாரும் நானும்தான் பார்த்துக்கொண்டோம். என் கணவர் ரிக் லாரியோடு வடக்கே போர்வெல் போடப் போய்விடுவார். மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது, அவருக்குத் தூசியில் மூச்சு இழுக்க ஆரம்பித்து, அந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். வந்தவுடன் கொடிக்காலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பா கூட இருந்தால் பிள்ளையின் மேல் இன்னொரு ஜோடிக் கண் இருக்கும் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் வீட்டில் இருந்த கருவிகளெல்லாம் மாமனார் காலத்தவை. ஒரு நாள் மாமியார் அகத்தி கழிக்கும்போது கொடுவாளின் தலை பிடியைவிட்டுக் கழன்று பறந்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. மகள் என் இடுப்பில் இருந்தாள். சாயங்காலம் வரை அதையே பேசிக்கொண்டிருந்தேன்போல. கணவர் எரிச்சலில் சொன்னார், “எது வாங்கோணுமோ நீயே போயி வாங்கீட்டு வந்துரு. படிச்சவ நீதான?”

கேலிக்குச் சொன்னதை நான் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். என் குணம் அது.

போனில் தேடித் தேடிப் படித்தேன். கத்திகளைப் பற்றி இவ்வளவு பேர் இவ்வளவு பேசுகிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காட்டுக்குப் போகிறவர்கள், மலை ஏறுகிறவர்கள், பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள். அவர்கள் காட்டிய கத்திகளில் பாதிக்கு மேல் குத்துவதற்கானவை. எங்கள் தோட்டத்தில் குத்த வேண்டியது எதுவும் இல்லை. எங்களுக்கு வேண்டியது கிளையை வெட்டுவது, நாரை அறுப்பது, இலையைச் சீவுவது. வெட்டுகிற கருவிக்குத் தலையில் கனம் வேண்டும். அப்போதுதான் கை நோகாமல் அதன் எடையே வெட்டும். அறுக்கிற கருவிக்கு வளைவு வேண்டும். வளைவு இருந்தால் நார் நழுவாது. பிடி மரமாக இருப்பது நல்லது. வாழைக்கறை பட்டால் பிளாஸ்டிக் பிடி வழுக்கும். துருப்பிடிக்காத எஃகு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கூர் மழுங்கினால் வரப்பில் கிடக்கும் கல்லில் தீட்டிக்கொள்ள முடியாது. சாதாரண இரும்பு துருப்பிடிக்கும், ஆனால் எண்ணெய் தடவி வைத்தால் சொன்னபடி கேட்கும்.

இதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு வேலூர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துப்போட்ட கொடுவாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பிடியை முறுக்கிப் பார்த்தேன். பூண் ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தேன். அவர் டீ குடித்து முடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டுக் கேட்டார், “ஏனுங்கம்மிணி, கொடுவா பாக்கறீங்களா, இல்ல பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கறீங்களா?”

“மாப்பிள்ளை சரியில்லைன்னா திட்டவாவது செய்யலாங்க. இது கழண்டு வந்து காலிலே விழுந்தா யாரைத் திட்டறது?”

“அதுஞ் செரிதானுங்க. எடுத்துக்கங்க, பொறந்த ஊட்டுச் சீராட்டம்.”

அன்று நான் பதில் சொல்லிவிட்டேன் என்று பஸ் முழுக்கச் சந்தோஷமாக வந்தேன். இரண்டு கொடுவாள், இரண்டு கருக்கரிவாள், இலை அறுக்க ஒரு சின்ன வளைகத்தி. கணவர் லாரிக்கு அடித்து மிச்சம் வைத்திருந்த மஞ்சள் பெயிண்ட் பரணில் இருந்தது. எல்லாப் பிடிகளுக்கும் அந்த மஞ்சளை அடித்து வெயிலில் காயவைத்தேன். எங்கே கீழே வைத்தாலும் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

மாமியார் பார்த்துவிட்டு, “என்ன அம்மிணி, மாட்டுப் பொங்கலு முன்னாடியே வந்துருச்சா? கொம்புக்குப் பெயிண்டு அடிக்கறாட்டம் அடிக்கற? செத்த இரு, ஒரு பலூனுங் கட்டீரலாம்” என்றார்.

ஆனாலும் அவர் அந்தக் கொடுவாளைத்தான் எடுத்துப் போனார். “நல்லா வெட்டுது” என்று பக்கத்துத் தோட்டத்தில் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பின்னால்தான் பார்சல் வந்தது.

ஆன்லைனில் கணவர் வரவழைத்த கத்தி அது. துப்பாக்கி முனையில் மாட்டுகிற பயனெட்டைப் பார்த்துச் செய்தது என்று டப்பாவில் போட்டிருந்தது. முழங்கைக்குக் கொஞ்சம் குறைவான நீளம். நுனி ஊசியைப் போல. ஒரு பக்கம் கூர், முதுகில் ரம்பப் பல். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தகடு. முழுவதும் கறுப்பு, அலகும் கறுப்பு, பிடியும் கறுப்பு. ரிக்கில் கூட இருந்த ஒருவர் இப்படி ஒன்று வைத்திருந்தாராம். அப்போதிருந்தே இவருக்கு ஆசை.

மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னடா சாமி இது, பன்னி குத்தற கத்தியாட்டம் இருக்குது? வெத்தல நம்மள எதுத்துக்கிட்டா வருது?”

கணவருக்கும் சிரிப்பு வந்தது. “இதுல எல்லாம் பண்ணலாம்மா. அறுக்கலாம், வெட்டலாம், தோண்டலாம். பட்டாளத்துக்காரங்களே வெச்சிருக்கறாங்க.”

“பட்டாளத்துல அகத்தி கழிக்கறாங்களா?” என்றேன் நான்.

அவர் முகம் மாறியது. நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். பத்து வருடம் தூசியிலும் டீசலிலும் கிடந்துவிட்டு வந்த மனிதர், தனக்கென்று ஒரு பொருள் வாங்கியிருக்கிறார். அதையும் நான் குறை சொல்ல வேண்டுமா என்று தோன்றியது. இப்படித் தோன்றித் தோன்றியே நான் நிறுத்திய பேச்சுகள் நிறைய.

மறுநாள் அகத்தியில் வீசிப் பார்த்தார். அலகு மெலிது, தலையில் கனம் இல்லை. கிளையில் பட்டுக் கைக்கே திரும்பி வந்தது. ரம்பப் பல்லால் அறுத்தார். பச்சை மரத்தின் நார் பல்லில் சிக்கிக்கொண்டது. வாழை இலையில் மட்டும் நன்றாகப் போனது. கொடி கட்டின நாரை நுனியால் நெம்பி அறுக்கவும் வசதியாக இருந்தது. அது போதும் அவருக்கு. இடுப்பில் உறையோடு மாட்டிக்கொண்டார். போட்டோ எடுத்து ரிக் ஆட்களுக்கு அனுப்பினார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஏனுங்க, அந்தப் பிடிக்காவது கொஞ்சம் மஞ்சள் அடிச்சுக் குடுக்கட்டுங்களா? இல்லீன்னா சிவப்பு டேப்பு சுத்தித் தரேன். கீழ வெச்சா கண்ணுக்கே தெரிய மாட்டேங்குதுங்க. பாப்பா ஓடற இடம்.”

“கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் கறுப்பாப் பண்றாங்க. அதுதான் இதுல விசேஷமே. நீ மஞ்சளடிச்சீன்னா பொம்மைக் கத்தியாட்டம் ஆயிரும்.”

“அது எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னுங்க. இங்க யாரு எதிரி?”

“நீதான்” என்று சொல்லிச் சிரித்தார். மாமியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் அந்தக் கத்தியை எடுத்து பீரோவின் மேல் போட்டுவிட்டேன். தேடினார். கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். புருஷன் சாமானை ஒளித்துவைக்கிறவள் என்ற பேர் வேண்டாம் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக, மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். “கறுப்புக் கத்தியைக் கண்டா நின்னுரணும், கண்ணு. கிட்டப் போகக் கூடாது.” அவள் தலையாட்டுவாள். கண்டால்தானே நிற்பதற்கு?

ரப்பர் ஷூ ஒன்று வாங்கினேன். மண் பட்டாலும் கழுவிக்கொள்ளலாம், வெளியே எங்கும் போடாமல் கொடிக்காலுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். மாமியார் அன்று மட்டும் சிரிக்கவில்லை. “எதுல வேணாலும் விளையாடு சாமி. கொடிக்காலுக்குள்ள செருப்ப மட்டும் கொண்டாராத. பச்சப்புள்ள காலானாலும் செருப்பு செருப்புத்தான்.” ஷூ டப்பாவோடு பரணுக்குப் போனது.

அது நடந்த அன்று நான் படலுக்கு வெளியே இருந்தேன். எனக்கு அந்த நாட்கள். மோட்டார் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மகள் பாட்டியோடும் அப்பாவோடும் உள்ளே இருந்தாள். வெளியே என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று காலையில் சொன்னேன். தொட்டித் தண்ணீரில் ஆடி ஆடிச் சளி பிடித்திருந்ததால், உள்ளேயே நிழலில் இருக்கட்டும் என்று மாமியார் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அகத்தி வரிசைகளுக்கு நடுவில் மூவரும் எனக்குத் துண்டு துண்டாகத் தெரிந்தார்கள். மாமியார் கொடியைத் தூக்கி ஒரு கையால் மரத்தோடு அணைத்துப் பிடித்திருந்தார். பழைய கட்டு அறுக்க வரவில்லை. “சாமி, அந்தக் கத்திய இப்படிக் குடு” என்றார். கணவர் இரண்டு எட்டு வைத்து வந்து, பாத்தி ஓரத்தில் கத்தியைக் கீழே வைத்தார். எப்போதும் வைப்பதைப் போலத்தான். மாமியார் உடனே குனியவில்லை. கையில் கொடி. “இருக்கட்டும், எடுத்துக்கறேன்” என்றார். கணவர் வாழைப் பக்கம் போனார். போனவர், ஓர் இலையில் பச்சை வெட்டுக்கிளி இருப்பதைப் பார்த்து, “கண்ணு, இங்க வா, இங்க வா, வந்து பாரு” என்று கூப்பிட்டார்.

கொடுவாளைக் கீழே வைத்தால் தன் கனத்துக்கே தட்டையாகப் படுத்துக்கொள்ளும். இந்தக் கத்திக்கு அந்தக் குறுக்குத் தகடு இருந்தது. ஈர மண்ணில் தகடு புதைந்து, கூர்ப்பக்கம் மேலே பார்த்தபடி சாய்ந்து நின்றிருக்கிறது. கறுப்பு மண்ணில் கறுப்புக் கத்தி. மகள் வாய்க்காலை ஒரே தாவாகத் தாண்டி, அதன் மேல் குதித்தாள்.

அவள் கத்தவில்லை. “ஏ” என்று ஒரு சத்தம், யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதைக் கேட்பதைப் போல. அதற்குப் பிறகுதான் மாமியாரின் அலறல்.

நான் ஓடினேன். படலை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. செருப்பைப் பற்றியோ, என்ன நாள் என்பதைப் பற்றியோ எனக்கு நினைவே இல்லை. நான் போவதற்குள் கணவர் அவளைத் தூக்கிவிட்டார். இடது அடிப்பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே குறுக்காக வெட்டியிருந்தது. என் முந்தானையை மடித்து வைத்து அழுத்திப் பிடித்தேன். பைக்கில் அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் மகள். வேலூர் போகும்வரை அந்தக் காலை நான் விடவில்லை. என் இரண்டு கையும் மரத்துப்போயின. விட்டால் என்னவெல்லாம் ஒழுகிப் போய்விடுமோ என்று பிடித்திருந்தேன். அவர் வழி முழுக்க, “ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

வேலூரில் கட்டுப் போட்டு நாமக்கல்லுக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை மடக்கச் சொன்னார். மகள் மற்ற விரல்களை மடக்கினாள். கட்டைவிரல் அப்படியே நின்றது.

“எதுல வெட்டுச்சு?”

“கத்திங்க சார்” என்றார் கணவர்.

“என்ன கத்தி? காய் நறுக்கறதா?”

“இல்லீங்க. மிலிட்டரி கத்திங்க.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “எந்தச் சண்டைக்குங்க போயிருந்தீங்க, குழந்தையக் கூட்டிக்கிட்டு?”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். விரலை மடக்கும் நரம்பு அறுந்துவிட்டதா என்று நான் கேட்டேன். “நரம்பு இல்லம்மா, தசைநாண். சேத்துத் தைக்கறோம். சின்னக் குழந்தை, நல்லாவே சேரும். ஆனா பழையபடி மடங்கும்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்க முடியாது” என்றார்.

“நடப்பாளா சார்?”

“நடப்பா. ஓடுவா. விரல் பிடிப்பு எவ்வளவு வரும்னு போகப் போகத்தான் தெரியும்.”

ஆபரேஷன் நடக்கும்போது கணவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ரிக் லாரியில் இந்தியா முழுக்கச் சுற்றிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்று அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அழுகிறவரிடம் போய் மஞ்சள் பெயிண்டைப் பற்றிப் பேசுவது எப்படி? பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். பேசாமல் விட்ட அந்த இடத்தில் மற்றவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சொந்தக்காரர்கள் ஆப்பிளும் பிரெட்டுமாக வீட்டுக்கு வந்தார்கள். காலில் மாவுக்கட்டோடு மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் மாமியார் நடந்ததைச் சொன்னார். கத்தி எப்படிக் கிடந்தது என்பதில் அவர் பொய் சொல்லவில்லை. மகன் எப்படி ஓடிவந்து தூக்கினான், எப்படிப் பைக்கைப் பறக்கவிட்டான், எப்படி அன்று சோறுகூட உண்ணாமல் இருந்தான் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்துவார்.

“இவ எந்நேரமும் காலு காலுன்னே நெனச்சுக்கிட்டு இருந்தாளுங்க. காலுல வெட்டீரும், காலுல வெட்டீரும்னு. வாயில எடுத்தா நடக்காமப் போவுமா? பெத்தவ நெனப்பு பலிக்குமல்லங்க.”

சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகவே கேட்டது. ஓர் அம்மா, “ஆமாங்க, நெனப்புத்தான் கெடுக்குது” என்றார். கணவர் அங்கேதான் இருந்தார். மகளுக்கு ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தார். நான் டீயைக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

அப்போதாவது இதோடு முடியும் என்று நினைத்தேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் வடியாமல் நாள்கணக்கில் நின்றது. படலை ஒட்டிய வரிசையில் முதலில் இலை மஞ்சளானது. பிறகு கொடி தண்டோடு கறுத்துச் சாய்ந்தது. தண்ணீர் நின்றால் வேரில் பூஞ்சாணம் பிடித்து வாடல் வரும். அந்த மழையில் பக்கத்துத் தோட்டத்திலும் வந்தது. வாய்க்காலை ஆழப்படுத்த வேண்டும் என்று சொன்னேன். மருந்தின் பேரைக்கூடச் சொன்னேன். மாமியார் பட்டுப்போன கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு படலையே பார்த்தார்.

“இந்தப் பக்கந்தான் மொதல்ல போச்சு, பாத்தீல்ல” என்றார் மகனிடம். “அன்னைக்கு அவ உள்ள வந்த வழி.”

“அத்தை, அன்னைக்குப் பாப்பாவுக்கு ரத்தம் போயிட்டு இருந்துச்சுங்க.”

“நாஞ் சொல்லுல சாமி. அவசரத்துல யாருக்கு என்ன தெரியும்? செருப்போட, அதுவும் அந்த நாளுல... நாஞ் சொல்லுல. கொடி சொல்லுது.”

நான் கணவரைப் பார்த்தேன். ரிக்கில் போன ஊர்களில் எல்லாச் சாமியையும் கிண்டல் செய்துவிட்டு வந்தவர். அவர் மண்ணைக் காலால் கிளறியபடி, “சரி விடும்மா. தெரியாமத்தான வந்தா” என்றார். எனக்காகப் பேசியதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார்.

அந்த வருடம் பாதிக் கொடிக்கால் போனது. மீதியைப் பிடுங்கி வாழை வைத்தோம். வாழைக்குள் எல்லோரும் செருப்போடு நடக்கிறார்கள். மகளும் நடக்கிறாள்.

நடக்கிறாள், ஓடுகிறாள். டாக்டர் சொன்னபடியே ஆகிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. கட்டைவிரல் மட்டும் மடங்காது. வார் வைத்த செருப்பை அந்த விரலால் பற்றிக்கொள்ள முடியாது. வேகமாக நடந்தால் இடது செருப்பு பின்னால் தங்கிவிடும். அவள் நின்று, திரும்பிப் போய், மாட்டிக்கொண்டு மறுபடி ஓடுவாள். இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கு ஷூ போடுவதால் அங்கே தொல்லை இல்லை. விளையாட்டு டீச்சர் ஓட்டப்பந்தயத்தில் சேர்க்கலாமா என்று கேட்டார். நான் டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டாக்டர் தாராளமாக ஓடட்டும் என்று எப்போதோ சொல்லிவிட்டார். நான்தான் இன்னும் டீச்சரிடம் சொல்லவில்லை. ஓடும்போது அவள் தாவும் அந்த ஒரு நொடியை என்னால் பார்க்க முடிவதில்லை.

இந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கருவிகளையெல்லாம் கழுவி, துடைத்து, வாசலில் வாழை இலை விரித்து அடுக்கினோம். கொடுவாள், அரிவாள், மண்வெட்டி, மோட்டாரின் ஸ்பேனர், மகளின் ஜியோமெட்ரி பாக்ஸ். கணவர் பீரோவிலிருந்து அந்தக் கறுப்புக் கத்தியை எடுத்து வந்தார். அதை இப்போது வேலைக்கு எடுப்பதில்லை. உறையைக் கழற்றி, துணியால் துடைத்து, நடுவில் வைத்தார். மாமியார் அதற்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தார். கறுப்பு அலகில் சந்தனம் நன்றாக எடுத்துக் காட்டியது.

புதிதாகக் குடிவந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் பூஜைக்கு வந்திருந்தார். இடுப்பில் கைக்குழந்தை. நடுவில் இருந்த கத்தியைப் பார்த்துவிட்டு, “என்ன கண்ணு இது, இவ்வளவு பெரிசா?” என்று என் மகளிடம் கேட்டார்.

மகளுக்கு அந்தக் கதை சொல்வதில் ஆசை. பல தடவை கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. “இது எங்கப்பாவோட பட்டாளத்துக் கத்தி. நாஞ் சின்னப் புள்ளையா இருக்கறப்ப இதுமேல குதிச்சுட்டேன். ரத்தமா வந்துச்சு. எங்கப்பா என்னத் தூக்கீட்டு ஓடி, பைக்குல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிக் காப்பாத்திட்டாரு.” காலை நீட்டித் தழும்பைக் காட்டினாள்.

“அய்யோ சாமி. அப்ப அம்மா எங்க இருந்தாங்க?”

நான் பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்தேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குரலில் குற்றம் எதுவும் இல்லை. பெரியவர்கள் சொன்னதை, கேட்டபடியே, மரியாதையாகச் சொன்னாள்.

“அம்மா செருப்போட உள்ள வந்துட்டாங்க. அதனாலதான் எங்க கொடியெல்லாம் செத்துப்போச்சு.”

வந்திருந்த பெண் சட்டென்று வேறு எதையோ பார்த்தார். மாமியார் மணியை எடுத்தார். கணவர் கற்பூரம் ஏற்றக் குனிந்திருந்தார். தீப்பெட்டி மூன்று குச்சிக்குப் பற்றவில்லை. நான் பொரித் தட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கைக்குழந்தையை வாங்கிக்கொண்டேன். கத்திகளிலிருந்து தள்ளி, இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டேன்.